வடலூர் வள்ளலாரும் வாடும் மனமும்



இவ்வாரம் நாம் அறியப்போகிறவர் நமது வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நமது மண்ணைச் சேர்ந்தவர். பிற சமயங்களில் மெய்யும் புனிதமுமாயுள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்திருக்க, அண்டை ஊராரைப் பற்றிப் பேச நாம் ஏன் தயங்கவேண்டும்?

இராமலிங்க சுவாமிகள் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாய்ப் பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கையிலேயே தகப்பனாரை இழந்தார். சென்னையில் தமையனார் ஆதரவில் வளர்ந்து, 1858-ல் அந்நகரை விட்டுச் சிதம்பரம் வந்து, பின்பு வடலூருக்கு அடுத்த கருங்குழியில் பல ஆண்டு தங்கினார். 1867 மே 23-ந் தேதி வடலூரில் தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை ஏழைகளுக்குச் சோறு வடிக்கிறது.

பசி வயிற்றோடு நின்றுவிடாமல் மனதையும் பற்றிக்கொள்ளும் என்று அவர் கண்டார். பசித்தவனுக்கு அறிவு மயங்குவதையும், மனம் தடுமாறுவதையும், உண்டபின் முகம் தெளிவதையும், வைத்தியர் நோயாளியைக் கவனிக்கிறாற்போல் எழுதிவைத்தார். வைத்தியமும் அறிந்தவரே. நூற்றுக்கணக்கான மூலிகைகளின் குணங்களை அட்டவணையாய்த் தொகுத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகியவற்றை (நம் வேலியோரத்துப் பச்சிலைகள்தாம்!) உட்கொள்ளச் சொன்ன அதே நித்திய கரும விதியில், பயத்தை அகற்றி எந்நேரமும் மனதை உற்சாகமாய் வைத்திருக்கவும் சொன்னார். இவ்விரண்டையும் ஒரே விதியில் வைத்தது எனக்கு விசேஷமாய்ப் படுகிறது. 1874 ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றார். பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

இதை எழுதக் காரணமுண்டு. மனச்சோர்வு நோயால் வருந்துகிறவர்களில் சிலர், பச்சிலையே போதுமென்று ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலரை, விசுவாசக் குறைவு என்று வீட்டாரே கடிந்துகொள்கிறார்கள். அது நோய், பாவமன்று.

பச்சிலையில் சத்தில்லை என்பதன்று. ஐரோப்பாவிலே அர்ச். அருளப்பர் பூண்டு என்று ஒன்று உண்டு. ஸ்நாபக அருளப்பர் திருநாளையொட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். கடுமையல்லாத மனச்சோர்வுக்கு அது பலன் தருவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அதுவே பல மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கும் ஆபத்தாகலாம். நமது சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்ப்பினோ, இரத்தக் கொதிப்பைத் தணித்தபோதிலும், உட்கொண்டவர் சிலருக்கு மனச்சோர்வையே வருவித்தது. வல்லாரையைக் கொண்டு எலிகளிடத்தில் நல்ல குறிகள் கண்டிருக்கிறார்கள். மனிதரிடத்தில் போதிய சான்று இன்னும் இல்லை.

வல்லாரைத் துவையலைத் தாராளமாய் உண்ணுங்கள். டாக்டரைக் கேளாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். உட்கொள்ளும் மூலிகைச் சூரணத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சோர்ந்திருப்பவரைத் தனியே உண்ணவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் துணையில்லாதவர்கள் பங்கு இல்லத்தில் சொல்லியனுப்புங்கள், நானே வருகிறேன்.