கையால் தைத்த பரிசு

நுழையும் முன்

தொம்மலூரில் வாழும் நம்மில் பலருடைய வீடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊரிலிருந்து ஒரு பொதி வந்து சேரும். அதில் முறுக்கும் கடலை உருண்டையும் இருக்கும். அடியில், செய்தித்தாளில் மடித்து, பாட்டியோ அத்தையோ தைத்த பாவாடையோ சட்டையோ துணிப்பையோ இருக்கும். அதன் தையல் கடைத் துணியின் தையலைப் போல் நேராக இராது. கழுத்துச் சற்று அகன்றிருக்கும். அதனை அணிந்துகொண்டு வெளியே செல்லச் சிலர் கூசுவதும் உண்டு. கையால் தைத்த பொருளின் மதிப்பைத் தம் வாழ்நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்ட ஒரு பெரியவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். எனினும், அவருக்கு அப்பாடத்தைக் கற்பித்தவர்களுள் தமிழ்த் தாய்மாரும் இருந்தனர் என்பதைப் பலர் அறியார்.

பாடம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்கே ஆங்கிலேயரைப் போலத் தோன்ற வேண்டும் என்னும் ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. புகழ்பெற்ற கடைத்தெரு ஒன்றில் பத்துப் பவுன் செலவிட்டு மாலை நேர உடை ஒன்றைத் தைத்துக்கொண்டார். உயர்ந்த தொப்பி வாங்கினார். கழுத்துப் பட்டையைக் கண்ணாடி முன் நின்று கட்டப் பழகினார். உடையே ஒருவருக்கு மதிப்பைத் தரும் என்று அக்காலத்தில் அவர் எண்ணினார்.

1893இல் வழக்கு ஒன்றன் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டின் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் இந்தியர் உழைத்து வந்தனர். அவர்களுள் தமிழர் மிகுதி. 1894இல் ஒரு நாள் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி காந்தியடிகளிடம் வந்து நின்றார். முதலாளி அடித்ததில் அவருடைய முன்பற்கள் உடைந்திருந்தன. உடை கிழிந்திருந்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன்னிலையில் தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும் என்னும் கட்டாயம் அவரை அவ்வாறு பழக்கியிருந்தது. காந்தியடிகளின் உள்ளம் வருந்தியது. தலைப்பாகையை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு பாலசுந்தரத்தை வேண்டினார். அவர் தயங்கியவாறே கட்டிக்கொண்டார். அப்பொழுது அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைக் காந்தியடிகள் கண்டார். ஒரு முழத் துணிக்குள்ளும் ஒரு மனிதனின் மானம் இருக்கிறது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாயிற்று.

ஆயினும் தம் வீட்டுப் பிள்ளைகளின் உடையில் அவர் இன்னும் தெளிவு பெறவில்லை. 1896ஆம் ஆண்டின் இறுதியில் மனைவி கஸ்தூரிபாவையும், மைந்தர் ஹரிலால், மணிலால் ஆகியோரையும், தமக்கையின் மகன் கோகுல்தாஸையும் கப்பலில் அழைத்துச் சென்றார். நாகரிக மக்களாகத் தோன்றினாலன்றி அயல்நாட்டில் மதிப்புக் கிடைக்காது என்று கருதினார். ஆகவே சிறுவர்களுக்குப் பார்சி முறையிலான மேற்சட்டையும் காற்சட்டையும் அணிவித்தார். காலுறையும் காலணியும் கட்டாயம் ஆயின. பழக்கமில்லாத காலணி பிள்ளைகளின் கால்விரல்களை நோகச் செய்தது. வியர்வையால் காலுறைகள் நாறின. பிள்ளைகள் முறையிட்டபோதெல்லாம் தந்தை ஏதேனும் ஒரு விடை கூறி அவர்களை அடக்கினார். அவர்கள் வேறு வழியின்றிப் பழகிக்கொண்டனர். பிறர் கண்ணுக்காகப் பிள்ளைகளை வருத்தியதைப் பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதினார்.

ஆண்டுகள் சென்றன. இந்தியரை இழிவுபடுத்திய சட்டங்களை எதிர்த்து 1906 முதல் அவர் அறப்போர் நடத்தினார். சிறை சென்றார். ஊசியும் நூலும் அங்கே அவர் கைக்கு வந்தன. 1909இல் பிரிட்டோரியா சிறையில் கிழிந்த கம்பளிகளைத் தைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. ஒரு காலத்தில் பிறர் தைத்த விலையுயர்ந்த உடைக்கு ஆசைப்பட்டவர், இப்பொழுது குனிந்து அமர்ந்து தம் கையாலேயே தைத்தார்.

அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்களின் குடும்பங்களைக் காப்பது யார்? அவர்களின் குழந்தைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் தருவது எவ்வாறு? இவ்வினாக்கள் காந்தியடிகளை வாட்டின. அந்நிலையில் ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் 1910ஆம் ஆண்டு மே மாதம் ஜொகனஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தந்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டனர். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசும் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. பணியாள் எவரும் இல்லை. சமைப்பது முதல் கழிவு அகற்றுவது வரை எல்லாவற்றையும் அவர்களே செய்தனர். சிறுவர் நகரத்திற்கு நடந்து செல்லும் நாள்களில் பண்ணையிலேயே சுட்ட கோதுமை ரொட்டியும், பண்ணையிலேயே அரைத்த நிலக்கடலை வெண்ணெயும், ஆரஞ்சுத் தோலில் செய்த இனிப்புக் குழம்பும் கட்டிக் கொடுக்கப்பட்டன.

பண்ணையில் வாழ்ந்தோர் தொழிலாளரின் உடையையே அணிய வேண்டும் என்று முடிவாயிற்று. மலிவான, தடித்த, நீல நிறத் துணியில் சட்டையும் காற்சட்டையும் அமைந்தன. அவற்றின் வடிவம் சிறைக் கைதிகளின் உடையைப் பார்த்துக் கொள்ளப்பட்டது. தையற்பகுதியின் பொறுப்பை அங்கிருந்த பெண்கள் ஏற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தையலில் தேர்ந்தவர்கள். எண்ணிப் பாருங்கள். கணவன் சிறையில் இருக்கிறான். மனைவி இங்கே அமர்ந்து, அவன் அணிந்திருக்கும் உடையைப் போன்றதொரு உடையைத் தைக்கிறாள். இழிவின் அடையாளமாக அரசு கொடுத்த உடையை அப்பெண்களின் ஊசி பெருமைக்குரிய உடையாக மாற்றிவிட்டது.

காலணியும் பண்ணையிலேயே செய்யப்பட்டது. மரியன்ஹில் என்னும் இடத்தில் இருந்த துறவியர் மடத்திற்குக் காலன்பாக் சென்று, வார்ச்செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். தாம் கற்றதை மற்றவர்க்குக் கற்பித்தார். பிள்ளைகளின் விரல்களை நோகச் செய்த கடைக் காலணியை வற்புறுத்தி அணிவித்த அதே தந்தை, இப்பொழுது தோலை வெட்டிக் கையால் செருப்புத் தைக்கும் தொழிலாளியாக அமர்ந்தார்.

அப்பண்ணைப் பள்ளியில் தமிழும் கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் யார் தெரியுமா? காந்தியடிகளே. கப்பலிலும் சிறையிலும் ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாமே கற்ற சிறிதளவு தமிழே அவரிடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ச் சிறுவர்களுக்கோ தமிழ் எழுத்தே தெரியாது. ஆகவே அவர் எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தார். பேச்சிலோ மாணவர்கள் அவரை எளிதில் வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால், அச்சிறுவர்களே இடையில் நின்று மொழிபெயர்த்தனர். தம் அறியாமையை அவர் மாணவரிடம் ஒருநாளும் மறைக்கவில்லை. அதனால் அவர்களுடைய அன்பும் மதிப்பும் குறையவுமில்லை.

1913இல் போராட்டம் மீண்டும் வலுத்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொருவர் போராடப் புறப்பட்டனர். ஒருவர் தவிர ஏனையோர் தமிழர். அறுவர் கைக்குழந்தையுடன் சென்றனர். நியூகாசில் நகரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர். ஊசி பிடித்த கைகளே ஓர் அரசை அசைத்தன. காந்தியடிகள் எழுதிய பட்டியலில் அவர்களுள் பெரும்பாலோர் இன்னாருடைய மனைவி என்றே குறிக்கப்பட்டுள்ளனர். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார்.

1914இல் உடன்பாடு ஏற்பட்டது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியாளர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அவர் ஒரு பரிசு அனுப்பினார். அது சிறையில் தம் கையாலேயே தைத்த ஒரு சோடிச் செருப்பு. ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைக் காலங்களில் அணிந்தார். காந்தியடிகளின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி 1939இல் திருத்தணியில் பிறந்த அறிஞர் இராதாகிருஷ்ணன் தொகுத்த நூலில், அத்தகைய பெரியவரின் காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்னும் கருத்துப்பட ஸ்மட்ஸ் எழுதினார். கடையில் வாங்கிய ஒரு பொருள் இம்மாற்றத்தைச் செய்திருக்குமா?

1915ஆம் ஆண்டு மே மாதம் காந்தியடிகள் தில்லையாடிக்குச் சென்றார். அதே மாதத்தில் நம் பெங்களூருக்கும் வந்தார். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் தம் உடையை முழங்கால் அளவு வேட்டியாகச் சுருக்கிக்கொண்டார். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழை மக்கள் அவரிடம் கூறியிருந்தனர். அவர்களுக்கு இயலாத உடை தமக்கும் வேண்டா என்பது அவர் துணிபு. 1927இல் உடல் நலிவுற்று நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி ஓய்வு பெற்றார். அவ்வாண்டு சூலை மாதத்தில் இந்நகரில் நடைபெற்ற கதர்க் கண்காட்சியைத் தொடங்கி வைத்தார்.

அவர் இயந்திரங்கள் அனைத்தையும் வெறுத்தார் எனச் சிலர் கருதுவர். அது சரியன்று. 1924இல் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் இதனைப் பற்றி அவரிடமே கேட்டார். தையல் இயந்திரம் விலக்கானது என்று காந்தியடிகள் விடை கூறினார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைக் கண்டு மனம் இரங்கிய சிங்கர் என்பவர், அவள் உழைப்பைக் குறைக்கவே அதனை உருவாக்கினார் என்றும், அவ்வியந்திரத்தின் பின்னால் அன்பு இருந்தது என்றும் அவர் விளக்கினார். வினவிய அவ்விளைஞரே பின்னாளில் மருத்துவர் சௌந்திரத்துடன் இணைந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

1942இல் கஸ்தூரிபாவும் காந்தியடிகளும் புனே ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டனர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் கஸ்தூரிபா காலமானார். வள்ளியம்மை மறைந்த அதே நாள், சரியாக முப்பது ஆண்டுகளுக்குப் பின். கணவர் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையே அம்மையாரின் இறுதி உடையாக அமைந்தது. 1947இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்திற்கும் தாம் நூற்ற நூலால் ஆன சிறு துணி விரிப்பு ஒன்றையே அவர் பரிசாக அனுப்பினார். 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் மறைந்தார்.

மாணவர்களே! ஊரிலிருந்து வந்த சட்டையின் தையல் கோணலாக இருக்கலாம். ஆனால் அதனைத் தைத்தவர் உங்கள் தோளின் அகலத்தை நினைவிலிருந்து அளந்திருக்கிறார். சென்ற விடுமுறைக்குப் பின் நீங்கள் எவ்வளவு வளர்ந்திருப்பீர்கள் என்று எண்ணிப் பார்த்து, மடிப்பில் இரண்டு விரற்கடை துணியைக் கூடுதலாக விட்டிருக்கிறார். வேண்டும்பொழுது பிரித்து நீட்டிக்கொள்ளலாம். நீங்கள் வீட்டில் பேசும் தமிழும் அத்தகையதே. அது சற்றுத் திக்கலாம். பிறமொழி கலந்தும் இருக்கலாம். அதற்காகக் கூச வேண்டா. டால்ஸ்டாய் பண்ணையில் ஆசிரியரும் திக்கினார், மாணவரும் திக்கினர், எனினும் கற்றனர்.

சொற்பொருள்

பொதி – கட்டு, மூட்டை
விரற்கடை – ஒரு விரலின் அகல அளவு
வார்ச்செருப்பு – தோல் வாரால் கட்டும் செருப்பு
கடுங்காவல் – கடின வேலையுடன் கூடிய சிறைத் தண்டனை
துணிபு – உறுதியான முடிவு
நூற்ற – பஞ்சைத் திரித்து நூலாக்கிய

பயிற்சி

1. பாலசுந்தரம் தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்றது ஏன்? காந்தியடிகள் என்ன செய்தார்?
2. 1896இல் பிள்ளைகளுக்கு அணிவித்த காலணிக்கும், பின்னர்க் காந்தியடிகள் தைத்த செருப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.
3. டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ் கற்ற சிறுவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினைக் கூறுக.
4. தையல் இயந்திரத்தைக் காந்தியடிகள் விலக்காகக் கொண்டதன் காரணம் யாது?
5. பிரித்து எழுதுக: வார்ச்செருப்பு, தையற்பகுதி, கைக்குழந்தை.

செயல்பாடு

உங்கள் குடும்பத்தில் தைக்கத் தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியிலோ நேரிலோ தமிழில் பேசுக. தைக்க யாரிடம் கற்றார், முதலில் எதைத் தைத்தார், யாருக்குக் கொடுத்தார் எனக் கேட்டு எழுதுக. பாட்டி, அத்தை என்னும் உறவுமுறையோடு நிறுத்திவிடாமல், அவருடைய முழுப் பெயரையும் முதல் வரியில் எழுதுக.