தாயான பின்னர் மாணவியானவர்: டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார்

பள்ளிப் பருவத்தில் கற்கத் தவறியவர் பின்னர் கற்க இயலாது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். குடும்பம், பிள்ளைகள், வேலை என்று வந்துவிட்ட பிறகு புத்தகத்தைத் தொடுவது எங்கே என்று நம் அன்னையர் சலித்துக்கொள்வதையும் கேட்டிருக்கின்றோம். முப்பதாம் வயதில், மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னர், கடல் கடந்து வாழவந்த ஊரில் மருத்துவக் கல்லூரி மாணவியாகச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் அறிந்துகொள்வோம். அவர்தாம் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார். அவர் வாழவந்த ஊர் சென்னை.

மேரி அம்மையார் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவரைப் பெற்ற தாய், மகள் பிறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். தாய்முகம் அறியாத அக்குழந்தையைப் பாட்டனாரும் பாட்டியாரும் கண்டிப்பும் பக்தியும் மிகுந்த தங்கள் இல்லத்தில் வளர்த்தனர். அக்காலத்துப் பெண்களுக்குக் கிடைத்த நல்ல பள்ளிக் கல்வி மேரிக்குக் கிடைத்தது. ஆயினும், அவர் மருத்துவராவார் என்று எவரும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த வில்லியம் ஷார்லீப் என்னும் இளைஞரை மேரி சந்தித்தார். அவர் படிப்பை முடித்துச் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தத் திட்டமிட்டிருந்தார். தொலைநாட்டிற்குப் பெண்ணை அனுப்ப வீட்டார் முதலில் தயங்கினர். பின்னர் இசைந்தனர். 1865ஆம் ஆண்டு இறுதியில் திருமணம் நடந்தது. அதன்பின் இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அப்பொழுது சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில்தான். ஆகவே, அந்நாளில் இந்தியாவுக்குச் செல்வது நெடும்பயணமாகவே இருந்தது. அவர்கள் சென்னையை அடைந்தது 1866ஆம் ஆண்டில்.

புதிய ஊர், புதிய மொழி, புதிய வெயில்! கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அந்த நிலை எத்தகையது என்பது ஓரளவு விளங்கும். வசதியுள்ள வழக்கறிஞரின் மனைவியாக வந்தவர் அவர். வெறுங்கையோடு வந்த நம் முன்னோரின் துன்பம் அவருக்கு இருந்ததில்லை. எனினும், உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது எத்தாய்க்கும் எளிதன்று. இரண்டு ஆண் மக்களும் ஒரு பெண் மகளும் அவருக்குப் பிறந்தனர். வீட்டுக் கடமைகளுக்கு இடையே, கணவரின் சட்டத்தொழில் சார்ந்த எழுத்துப் பணிகளிலும் அவர் உதவி வந்தார்.

சென்னையில் வாழ்ந்தபொழுது ஒரு துயரச் செய்தி அவர் காதில் மீண்டும் மீண்டும் விழுந்தது. அது பிரசவத்தில் பெண்கள் படும் பாடு. அக்காலத்தில் இந்துக்களிலும் முஸ்லிம்களிலும் பல குடும்பத்துப் பெண்கள் அயல் ஆடவர் முன் வருவதில்லை. திரைக்குள் வாழும் இவ்வழக்கத்தைக் கோஷா என்று கூறுவர். மருத்துவர்கள் அனைவரும் ஆடவர். எனவே, பிரசவம் சிக்கலானால் அப்பெண்களுக்குத் துணை, அனுபவம் ஒன்றையே நம்பிய மருத்துவச்சி மட்டுமே. அவரால் இயலாதபொழுது தாயோ சேயோ, சில வேளைகளில் இருவருமோ இறந்தனர். நகரில் மருத்துவமனை இருந்தது, மருத்துவரும் இருந்தனர். ஆனால் அம்மருத்துவம் திரையைத் தாண்டி உள்ளே செல்ல வழியில்லை.

தம் தாயைப் பிறந்த சில நாட்களிலேயே இழந்த மேரி அம்மையாரின் உள்ளத்தை இச்செய்தி வாட்டியது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்ல அவரால் இயலவில்லை. ஆனால் இரக்கம் மட்டும் ஓர் உயிரையும் காப்பாற்றாது. இரக்கத்தோடு அறிவும் வேண்டும். இதனை அவர் உணர்ந்தார். முதலில் சென்னையிலிருந்த பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிக்குரிய பயிற்சியைப் பெற்றார். பயிற்சி முடிந்தபொழுது அவருக்கு விளங்கியது வேறொன்று. எளிய பிரசவத்திற்கு இந்த அறிவு போதும், ஆபத்தான வேளையில் போதாது. அறுவைச் சிகிச்சை தெரிய வேண்டும். நோயின் காரணம் தெரிய வேண்டும். மருந்தின் இயல்பும் தெரிய வேண்டும். முழு மருத்துவமும் கற்றாலன்றித் தாம் எண்ணிய பணியைச் செய்ய இயலாது என்று கண்டார்.

அந்நாளில் பெண்கள் எங்கே மருத்துவம் கற்பது? இங்கிலாந்திலேயே அவ்வழி மிகக் குறுகியதாக இருந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி இலண்டனில் தொடங்கப்பட்டது 1874ஆம் ஆண்டில்தான். இந்நிலையில் சென்னை மருத்துவக் கல்லூரி ஒரு துணிவான முடிவைச் செய்தது. மருத்துவத் துறைத் தலைவராயிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்பார் பெண்களுக்கும் மருத்துவக் கல்வி அளிக்கவேண்டும் என்று வாதிட்டு வந்தார். அதன் பயனாக 1875ஆம் ஆண்டில் நான்கு பெண்கள் அக்கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார்.

வகுப்பறை அவர்களை மாலையிட்டு வரவேற்கவில்லை. பெண்களுக்குக் கற்பிக்க விரும்பாத ஆசிரியர்களும் இருந்தனர். கற்பிக்க மனமில்லாதவரிடமும் கற்கவேண்டிய நிலை அம்மாணவியருக்கு ஏற்பட்டது. கல்லூரியிலே இப்படி. இல்லத்திலோ மூன்று பிள்ளைகள். பகலில் மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளைப் பார்க்கவேண்டும். மாலையில் பிள்ளைகளைக் கவனிக்கவேண்டும். எஞ்சிய பொழுதில்தான் படிக்கவேண்டும். இவ்வாறு மூன்றாண்டுகள் பயின்று, 1878ஆம் ஆண்டில் மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகிய மூன்றுக்கும் உரிய தகுதிச் சான்றினைப் பெற்றார்.

வேறொருவராயின், இத்துடன் போதும் என்று நின்றிருப்பார். அவரிடம் சான்றிதழ் இருந்தது. நோயாளிகள் காத்திருந்தனர். ஆனால் அம்மையாரோ, தாம் கற்றது இன்னும் குறைவே என்று எண்ணினார். அவரிடம் இருந்த சான்று பல்கலைக்கழகப் பட்டம் அன்று. அதே 1878ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்கும் வழங்க முன்வந்தது. அம்மையார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்திற்குக் கப்பலேறினார். கணவரின் தொழிலோ சென்னையில் இருந்தது. ஒரு படிப்பிற்காகக் குடும்பம் இரு நாடுகளில் பிரிந்து வாழ்ந்தது. இது சிறிய விலை அன்று.

முப்பத்து மூன்றாம் வயதில் அவர் மீண்டும் மாணவியானார். பெண்களுக்கான இலண்டன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அதை நடத்தியவர்களுள் ஒருவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார், இங்கிலாந்தில் மருத்துவராகப் பதிவுபெற்ற முன்னோடிப் பெண்மணி ஆவார். அவர் மேரிக்குத் துணையாக நின்றார். 1882ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் அம்மையாரும் ஈடித் ஷோவ் என்னும் மற்றொரு பெண்மணியும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றனர். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற்பெண்கள் இவர்களே. மகப்பேற்று மருத்துவத்தில் மேரி அம்மையாருக்குத் தங்கப் பதக்கமும் கல்வி உதவித் தொகையும் கிடைத்தன. அப்பொழுது அவருக்கு வயது 37.

அதன்பின்னும் அவர் நேரே சென்னைக்குத் திரும்பவில்லை. மகப்பேற்று அறுவைப் பயிற்சிக்காக வியன்னா நகருக்குச் சென்றார். அந்நகருக்கு மகப்பேற்று மருத்துவத்தில் தனி இடம் உண்டு. மருத்துவர்கள் தங்கள் கைகளைக் கிருமிநாசினி நீரில் நன்கு கழுவினாலே பிரசவக் காய்ச்சலால் இறக்கும் தாய்மாரின் தொகை வெகுவாகக் குறையும் என்பதை 1847ஆம் ஆண்டில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டு காட்டியது அங்கேதான். உணவுக்கு முன் கை கழுவுமாறு ஆசிரியர் நமக்குக் கூறும் அறிவுரையின் அருமையை இதனால் நாம் உணரலாம்.

இந்தியாவுக்குத் திரும்புமுன் அவர் விக்டோரியா மகாராணியாரைக் காணும் வாய்ப்பைப் பெற்றார். இந்தியப் பெண்கள் மருத்துவ உதவியின்றிப் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். 1883ஆம் ஆண்டில் சென்னைக்கு மீண்டார். அங்கே மருத்துவம் பார்த்ததோடு, தாம் மாணவியாய் அமர்ந்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவமும் கற்பித்தார். சில ஆண்டுகளுக்கு முன் தயக்கத்தோடு கதவைத் திறந்த கல்லூரி, இப்பொழுது அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது.

1885ஆம் ஆண்டில் அவருடைய நெடுநாள் எண்ணம் நிறைவேறியது. கோஷா வழக்கமுடைய பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. மகாராணியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே நோயாளியும் பெண், மருத்துவரும் பெண். அயல் ஆடவர் முன் செல்லவேண்டுமே என்ற அச்சம் இனி எவரையும் தடுக்கவில்லை. அம்மையார் தம் நோயாளிகளின் வழக்கத்தைக் குறைகூறிக்கொண்டு நிற்கவில்லை. அவ்வழக்கத்தோடு வாழும் பெண்ணுக்கும் உயிர் உண்டு என்பதை மனத்திற்கொண்டு, மருத்துவத்தைத் திரைக்குள் கொண்டு சென்றார். பின்னர் அம்மருத்துவமனை திருவல்லிக்கேணிப் பகுதியில் சொந்தக் கட்டடத்திற்கு மாறியது. அதற்கு வேங்கடகிரி அரசர் பெருந்தொகை வழங்கினார். இன்று அது கஸ்தூரிபா காந்தியின் பெயரால் அரசு மகப்பேறு மருத்துவமனையாகத் திகழ்கிறது. கோஷா ஆஸ்பத்திரி என்ற பழைய பெயரும் மக்கள் வாயில் வழங்கி வருகிறது.

ஓயாத உழைப்பு அம்மையாரின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1887ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்திற்குத் திரும்ப நேர்ந்தது. உடல் தேறியதும் மீண்டும் நூல்களைக் கையில் எடுத்தார். 1888ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்ற முதல் பெண்மணியானார். அப்பொழுது அவருக்கு வயது 43. பின்னர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய பெண்கள் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பெரும்புகழ் ஈட்டினார். 1902ஆம் ஆண்டில் இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராக நியமிக்கப்பட்டார். பொது மருத்துவமனைகளில் பெண்களுக்கு உயர்பதவி அளிக்கப்படாத காலம் அது. 1926ஆம் ஆண்டில் அவருக்கு டேம் என்னும் உயர்விருது வழங்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமது 85ஆம் வயதில், அம்மையார் இலண்டனில் காலமானார்.

அவர் நடந்த பாதையில் பின்னர் பலர் நடந்தனர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907ஆம் ஆண்டில் அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேறினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாம் போற்றும் அவர், 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 1875ஆம் ஆண்டில் நால்வருக்காகத் திறந்த கதவு பின்னர் அடைக்கப்படவே இல்லை.

மாணவச் செல்வங்களே! மேரி ஷார்லீப் அம்மையாரின் வாழ்வில் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்கவேண்டியது அவர் பெற்ற பட்டங்களை அன்று. மருத்துவச்சிப் பயிற்சி பெற்றபொழுதும், சென்னையில் சான்று பெற்றபொழுதும், இலண்டனில் பட்டம் பெற்றபொழுதும் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். ஆபத்தில் இருக்கும் ஒரு தாயைக் காக்க எனக்குத் தெரிந்தது போதுமா என்பதே அது. போதாது என்று உள்ளம் கூறிய ஒவ்வொரு முறையும், வயதையும் வசதியையும் பாராமல் மீண்டும் மாணவர் வரிசையில் போய் அமர்ந்தார். தேர்வுக்காகப் படிப்பவன் தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுவான். பிறர் துயர் தீர்க்கப் படிப்பவருக்கு நூலை மூட மனம் வராது.

பெற்றோர்களே! அதிகாலையில் எழுந்து பால்மரக் காட்டிற்குச் சென்று, வெயிலில் திரும்பி, பிள்ளைகளுக்குச் சோறாக்கும் அன்னையர்க்குப் படிக்க நேரம் கிடைப்பது அரிது என்பதை நாம் நன்கறிவோம். எல்லாரும் மருத்துவராகவேண்டும் என்று நாம் கூறவில்லை. பிள்ளை இரவில் பாடம் படிக்கும்பொழுது அருகில் அமர்ந்து, தெரியாத எழுத்தொன்றை அப்பிள்ளையிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாலும் அது கல்வியே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாய் கற்பதைக் காணும் பிள்ளைக்குப் படி படி என்று சொல்லவேண்டிய தேவையும் இராது. நம் தோட்டத்துச் சிறுமியருள் ஒருத்தி நாளை மருத்துவராகி வருங்கால், அவளுக்கு முதல் ஊக்கம் அளித்தது தன் வீட்டு விளக்கொளியில் கண்ட காட்சியே என்று அவள் நினைவுகூரட்டும்.