மூன்றாம் பாதையில் கண்ட இலட்சியம்

கல்லூரியில் பயிலும் இளைஞர் பலரை ஒரு கவலை வாட்டுகிறது. வாழ்க்கைப் பணியை முதல் முயற்சியிலேயே பிழையின்றித் தேர்ந்துவிட வேண்டுமே என்பது அக்கவலை. விரும்பிய துறை கைகூடாவிடில் வாழ்வே தோற்றுவிட்டதாக அவர்கள் சோர்கின்றனர். இத்தகையோர் அறிய வேண்டியது ஜகதீச சந்திர போஸின் மாணவப் பருவம். இந்திய அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான அவர், தமக்குரிய பணியை மூன்றாம் பாதையில்தான் கண்டார்.

ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் உயர்பதவி வகித்தவர். ஆயினும் மகனை முதலில் வங்கமொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கு மீனவர் ஒருவரின் மகனும் தந்தையின் ஏவலரின் மகனும் அவருடன் அமர்ந்து பயின்றனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் கூறிய கதைகள், இயற்கையை அறியும் வேட்கையைச் சிறுவனின் உள்ளத்தில் விதைத்தன. பின்னர்க் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் பாதிரியார் லாஃபோன் செய்துகாட்டிய பௌதிகச் சோதனைகள் அவ்வேட்கையை வளர்த்தன.

எனினும் 1879-இல் பட்டம் பெற்றபோது அவர் முதலில் நாடியது அறிவியலை அன்று. இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வெழுத விரும்பினார். அதற்குக் காரணம் இருந்தது. மக்களுக்குத் தொழில் பெருக வேண்டும் என்ற நன்னோக்குடன் தந்தை தொடங்கிய முயற்சிகள் பல நட்டத்தில் முடிந்து, குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்தது. பெரும் ஊதியம் தரும் பதவி அக்கடனைத் தீர்க்கும் என்று மகன் எண்ணினார். ஆட்சிப் பணியின் இயல்பை நன்கறிந்த தந்தையோ இசையவில்லை. பிறரை ஆளும் அதிகாரியாவதைவிட, தன்னை ஆளும் அறிஞனாக மகன் விளங்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

ஆகவே மருத்துவம் பயிலுவதென முடிவாயிற்று. ஒரு மகனை ஏற்கெனவே பறிகொடுத்திருந்த தாய், இன்னொரு மகனைக் கடல்கடந்து அனுப்ப முதலில் அஞ்சினார். பிறகு மனம் தேறி விடைகொடுத்தார். 1880-இல் ஜகதீசர் லண்டன் சேர்ந்தார். இந்தியாவில் பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் அவரை விடவில்லை. பிணங்களை அறுத்துப் பயிலும் அறையின் நெடி அதனை மேலும் மோசமாக்கியது. மருத்துவப் படிப்பைக் கைவிட நேர்ந்தது.

வீட்டில் கடன், உடலில் நோய், கையில் முற்றுப்பெறாத படிப்பு. இந்நிலையில் அவர் ஊர் திரும்பவில்லை. இளமை முதல் தம்மை ஈர்த்துவந்த இயற்கை அறிவியலின்பால் திரும்பினார். உதவித்தொகை பெற்று, 1882-இல் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். பௌதிகப் பேரறிஞர் ரேலேயிடம் துல்லியமாகச் சோதனை செய்யும் முறையைக் கற்றார். 1884-இல் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பட்டம் பெற்றார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பணி கிடைத்தது. உண்மையான சோதனை அதன்பின்தான் வந்தது. ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு என்பது அன்றைய விதி. பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வூதியத்தைத் தொட அவர் மறுத்துவிட்டார். ஆனால் ஒருநாளும் கற்பித்தலைக் குறைக்கவில்லை. கடன்பட்ட குடும்பத்தின் மகன் மூன்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! முடிவில் அரசு இணங்கி, பணியை நிரந்தரமாக்கி, மூன்றாண்டுகளுக்கும் முழு ஊதியத்தை ஒருசேர வழங்கியது. அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

பதவி உறுதியானதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. தமது முப்பத்தாறாம் வயதில் ஆராய்ச்சியே இனி வாழ்வு என உறுதிபூண்டார். வசதியற்ற சிறிய அறையில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் துணையுடன் தாமே கருவிகளை வடித்தார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் சுவரையும் ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்வதை அனைவரும் காணச் செய்தார். கேம்பிரிட்ஜில் பௌதிகத்துடன் பயின்ற தாவரவியல், பிற்காலத்தில் தாவரங்களின் உணர்வுத் துடிப்பை அளக்கும் ஆய்வுகளுக்குத் துணைநின்றது. 1917-இல் தமது பிறந்தநாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அளித்தார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடியில் அவரது வாழ்வு நிறைவுற்றது.

ஆட்சிப் பணி தடைப்பட்டதும் மருத்துவம் கைநழுவியதும் அவரைத் தோற்கடிக்கவில்லை. எந்தத் துறையைத் தேர்வது என்று இன்று தயங்கும் மாணவர், ஊதியத்தையும் பதவியையும் கணக்கிடுமுன் ஒன்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: ஊதியமே கிட்டாத மூன்றாண்டுகளிலும் மனம் சலியாமல் செய்யக்கூடிய பணி எனக்கு எது? விடை உடனே கிடைக்காமல் போகலாம். ஜகதீசருக்கும் அது உடனே கிடைக்கவில்லை.