சைக்கிளில் வந்த துணைவேந்தரும் களிமண் உருளையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 11 ஆம் திகதி பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைவுகூருகிறோம். போர்க்காலத்தில் சைக்கிளில் பல்கலைக்கழகம் போய்வந்த துணைவேந்தர் என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். நல்லூரில் வளர்ந்த எனக்கும் சிறுவயதில் அவ்வளவுதான் தெரியும். அந்த எளிமை உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி மனிதரைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

1934 இல் வடமராட்சியில் பிறந்தவர் அவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கென்னத் ரொஸ்கோவின் குழுவில் மண்ணின் வலிமையை ஆராய்ந்தார்.

அவர் என்ன செய்தார் என்பது, பேராதனையில் குடிசார் பொறியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆய்வுகூடத்தில் களிமண் உருளை ஒன்றுக்கு இறப்பர் உறையிட்டு, நீர் நிரம்பிய கலத்துக்குள் வைப்போம். சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து ஒரு தண்டால் அமுக்குவோம். மானி காட்டும் சுமை முழுவதையும் மண்ணின் உராய்வு என்று எழுதிவிட முடியாது. அமுக்கும்போது மண் சுருங்கும் அல்லது விரியும். கன அளவு மாறும்போது சுற்றியுள்ள அழுத்தமும் வேலை செய்கிறது. சக்தியில் ஒரு பங்கு, வில்லுச்சுருளில் போல, மண்ணுக்குள்ளே சேமிக்கப்படுகிறது.

துரைராஜா பரிசோதனை அளவீடுகளை எடுத்து, இந்தக் கணக்குகளைத் தனித்தனியே பிரித்தார். உராய்வில் செலவான சக்தி, கன அளவு எப்படி மாறினாலும், அழுத்தத்துக்கும் உருக்குலைவின் அளவுக்கும் நேர்விகிதமாகவே இருந்தது. 1963 இல் ரொஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை ‘ஜியோடெக்னிக்’ இதழில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜின் கேம் ஆற்றுப் பெயரால் வழங்கும் ‘கேம் கிளே’ மாதிரிக்கு அந்த விதியே அடித்தளம். களிமண் நிலத்தில் அணைக்கட்டோ கட்டடமோ எவ்வளவு தாழும் என்று கணிக்க, அந்த வழிவந்த மாதிரிகளை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

அவர் நாடு திரும்பினார், பேராதனையில் பேராசிரியரானார். 1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பொறுப்பேற்று, 1994 வரை அந்தப் பணியில் இருந்தார். உலகறிந்த பொறியியலாளர் தலைமை தாங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்று பொறியியல் பீடம் இருக்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சியில் அது இயங்கத் தொடங்கியது.

அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கதையைச் சொல்லுவோம். மானி காட்டியதோடு நின்றுவிடாமல், அதைப் பிரித்துப் பார்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.