ஜேம்ஸ் பி. லான்சிங்

ஜேம்ஸ் புல்லோ லான்சிங் (ஜனவரி 14, 1902 - செப்டம்பர் 1949) அமெரிக்காவைச் சேர்ந்த ஒலிப் பொறியாளரும் ஒலிபெருக்கி வடிவமைப்பாளரும் ஆவார். ஆல்டெக் லான்சிங், ஜேபிஎல் ஆகிய இரு புகழ்பெற்ற வணிகப் பெயர்களும் இவரது பெயரிலிருந்தே தோன்றின. திரையரங்குகளுக்கான ஒலிபெருக்கிகள், ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் கண்காணிப்பு ஒலிபெருக்கிகள், வூஃபர் எனப்படும் தாழ்தொனி ஒலிபெருக்கிகள் ஆகியவற்றின் வளர்ச்சியில் இவரது பங்கு முதன்மையானது. வீட்டிலேயே ஒலிபெருக்கி அமைக்கும் ஆர்வலர்கள் வூஃபர் ஒன்றைத் தெரிவு செய்யும்போது எதிர்கொள்ளும் கேள்விகளில் பல, இவர் 1930களிலும் 1940களிலும் தமது பட்டறையில் எதிர்கொண்ட கேள்விகளே ஆகும்.

இளமைக் காலம்

லான்சிங்கின் இயற்பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி என்பதாகும். இவர் இலினொய் மாநிலத்தின் மக்கூப்பின் கவுண்டியில் பிறந்தார். தந்தை ஹென்றி மார்ட்டினி சுரங்கப் பொறியாளர். தாயார் பெயர் கிரேஸ். பதினான்கு பிள்ளைகளில் இவர் ஒன்பதாமவர். சிறுவயதில் சில காலம் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் புல்லோ என்ற குடும்பத்தாருடன் வாழ்ந்தார். தமது பெயரின் நடுவில் உள்ள புல்லோ என்பதைப் பின்னாளில் இக்குடும்பத்தின் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்.

சிறுவனாக இருந்தபோதே இவருக்கு மின்னியலில் ஆர்வம் மிகுந்திருந்தது. லெய்டன் சாடி ஒன்றைத் தாமே செய்து நண்பர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து விளையாடினார். சிறிய வானொலி பரப்பி ஒன்றையும் உருவாக்கினார். இளைஞரானதும் தானுந்து இயந்திரத் தொழிலாளியாகப் பணியாற்றினார். பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலாத இவர், இறுதிவரை கையால் செய்து பார்த்துக் கற்றவராகவே விளங்கினார்.

1924 இல் தாயார் இறந்தபின் இவர் வீட்டை விட்டு வெளியேறி யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குச் சென்றார். அங்கு வானொலி நிலையம் ஒன்றில் பணிபுரிந்தார். தமது வருங்கால மனைவி கிளென்னா பீட்டர்சனையும், பின்னர் தொழிற்பங்காளியான கென் டெக்கரையும் சந்தித்தது இந்நகரில்தான்.

லான்சிங் மேனுஃபேக்சரிங் கம்பெனி

லான்சிங்கும் டெக்கரும் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 1927 மார்ச்சில் லான்சிங் மேனுஃபேக்சரிங் கம்பெனியைப் பதிவு செய்தனர். மார்ட்டினி என்னும் குடும்பப் பெயரை விடுத்து லான்சிங் என்னும் பெயரை இவர் ஏற்றுக்கொண்டதும் இக்காலத்தில்தான். வடிவமைப்பும் தயாரிப்பும் லான்சிங்கின் பொறுப்பு. வணிகமும் கணக்கும் டெக்கரின் பொறுப்பு. தொடக்கத்தில் வானொலிப் பெட்டிகளுக்கான 6 அங்குல, 8 அங்குல ஒலிபெருக்கிகளையே இந்நிறுவனம் தயாரித்தது.

அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' திரைப்படத்தின் வெற்றிக்குப் பின் அமெரிக்கத் திரைத்துறை வேகமாகப் பேசும் படங்களுக்கு மாறியது. ஆயிரக்கணக்கான இருக்கைகள் கொண்ட அரங்குகளைச் சில வாட்டு மின்திறனே தரும் வெற்றிடக்குழாய் மிகைப்பிகளைக் கொண்டு ஒலியால் நிரப்ப வேண்டியிருந்தது. ஆகவே கொடுத்த மின்திறனில் எவ்வளவு பங்கை ஒலியாக மாற்ற முடியும் என்பதே அக்கால ஒலிபெருக்கி வடிவமைப்பின் தலையாய கேள்வியாக இருந்தது.

ஷீரர் ஹார்ன்

1930களின் தொடக்கத்தில் திரையரங்குகளில் இருந்த ஒலிபெருக்கி அமைப்புகளில் எம்ஜிஎம் படநிறுவனத்தின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷீரர் நிறைவு கொள்ளவில்லை. தம் துறையினரைக் கொண்டே புதிய அமைப்பு ஒன்றை உருவாக்க முடிவு செய்தார். ஜான் ஹில்லியர்டு இப்பணியை முன்னின்று நடத்தினார். தாழ்தொனிக்கான 15 அங்குல (சுமார் 38 செ.மீ.) ஒலிபெருக்கியையும் உயர்தொனிக்கான ஒலியியக்கியையும் லான்சிங்கின் நிறுவனம் தயாரித்தது.

இந்த ஆய்வின்போது முக்கியமான சிக்கல் ஒன்று தெரியவந்தது. தாழ்தொனியை எழுப்பிய ஹார்ன் மிக நீளமாக இருந்ததால், அதன் ஒலி உயர்தொனியை விடச் சற்றுத் தாமதமாகப் பார்வையாளரை அடைந்தது. தாளம் தட்டி ஆடும் நடனக் காட்சிகளில் ஒவ்வொரு காலடி ஓசையும் இரண்டாகப் பிரிந்து கேட்டது. எனவே புதிய அமைப்பில் தாழ்தொனி ஹார்னின் நீளம் குறைக்கப்பட்டது. ஒரே ஒலியின் பகுதிகளைத் தனித்தனி ஒலிபெருக்கிகள் எழுப்பும்போது அவை அதிர்வெண்ணில் மட்டுமன்றி நேரத்திலும் பொருந்த வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஷீரர் ஹார்ன் எனப்பட்ட இவ்வமைப்புக்காக டக்ளஸ் ஷீரருக்கும் எம்ஜிஎம் ஒலித்துறைக்கும் 1936 ஆம் ஆண்டுக்கான அகாதமியின் அறிவியல் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. தொடர்ந்து, இதே கருத்தைச் சிறிய அளவில் பயன்படுத்தி, சிறு அரங்குகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் ஏற்ற ஐகானிக் என்னும் இருவழி ஒலிபெருக்கியை லான்சிங் உருவாக்கினார்.

ஆல்டெக் லான்சிங்

1939 இல் கென் டெக்கர் விமான விபத்தில் உயிரிழந்தார். வணிகப் பொறுப்பு முழுவதையும் சுமந்தவர் மறைந்ததால் நிறுவனம் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. 1941 டிசம்பரில் ஆல்டெக் சர்வீஸ் கார்ப்பரேஷன் இந்நிறுவனத்தை 50,000 டாலருக்கு வாங்கியது. இவ்வாறு ஆல்டெக் லான்சிங் தோன்றியது. லான்சிங் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி அதன் பொறியியல் பிரிவின் துணைத்தலைவரானார்.

இங்கு இவர் பங்கேற்று உருவாக்கிய 604 டுப்ளெக்ஸ் குறிப்பிடத்தக்கது. 15 அங்குல வூஃபரின் நடுவே உயர்தொனி ஹார்ன் பொருத்தப்பட்டிருந்ததால் இரு ஒலிகளும் ஒரே மையத்திலிருந்து எழுந்தன. அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் இது பல பத்தாண்டுகள் பயன்பட்டது. 1945 இல் அறிமுகமான 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' என்னும் திரையரங்கு ஒலிபெருக்கி வரிசையிலும் இவரது உழைப்பு அடங்கியிருந்தது.

புதிய நிறுவனமும் டி130 உம்

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவுடன், 1946 இல் லான்சிங் ஆல்டெக்கை விட்டு வெளியேறிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதற்கு லான்சிங் சவுண்ட் எனப் பெயரிட்டபோது ஆல்டெக் எதிர்ப்புத் தெரிவித்தது. லான்சிங் என்னும் பெயரின் வணிக உரிமை விற்பனையுடன் ஆல்டெக்கிடம் சென்றிருந்தது. தாமே தெரிவு செய்து கொண்ட பெயரைத் தாமே தடையின்றிப் பயன்படுத்த முடியாத நிலை இவருக்கு ஏற்பட்டது. இறுதியில் நிறுவனத்தின் பெயர் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என விரிவாக்கப்பட்டது. பின்னாளில் வழங்கிய ஜேபிஎல் என்பது இதன் முதலெழுத்துகளே ஆகும்.

இந்நிறுவனத்தின் மிகச்சிறந்த படைப்பு டி130 என்னும் 15 அங்குல ஒலிபெருக்கி ஆகும். இதன் சிறப்புகள் வருமாறு:

ஒலிச்சுருள்: அக்காலத்தில் வழக்கத்திற்கு மாறாக 4 அங்குல விட்டம் உடைய ஒலிச்சுருள் இதில் அமைந்தது. பெரிய சுருள் வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். கூம்பையும் உறுதியாகத் தாங்கும்.

தட்டைக் கம்பி: உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான கம்பி அதன் விளிம்பில் நிற்குமாறு சுற்றப்பட்டது. ஒன்றை ஒன்று தொடும் உருண்டைக் கம்பிகள் தமக்குரிய இடத்தில் சுமார் 78 விழுக்காட்டையே நிரப்பும். தட்டைக் கம்பிகளுக்கு இடையே வெற்றிடம் மிகக் குறைவு. ஆகவே காந்த இடைவெளியில் கூடுதல் உலோகம் அமைந்து விசை மிகுகிறது.

காந்தம்: முந்தைய ஒலிபெருக்கிகள் பல தனி மின்சாரம் தேவைப்படும் மின்காந்தங்களைக் கொண்டிருந்தன. டி130 இல் இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ 5 நிலைக்காந்தம் பயன்பட்டது.

கூம்பு: எடை குறைந்த காகிதக் கூம்பும், நடுவில் அலுமினியக் குமிழும் இருந்தன. இதனால் இது தனித்தே பரந்த அதிர்வெண் வீச்சை ஒலிக்கக்கூடியதாக இருந்தது.

ஒரு வாட்டு மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் டி130 எழுப்பும் ஒலி 100 டெசிபெலுக்கு மேற்பட்டது. வீடுகளுக்கான பிற்கால வூஃபர்கள் பலவற்றில் இந்த அளவு 86 முதல் 90 டெசிபெல் வரையே உள்ளது. 10 டெசிபெல் வேறுபாடு என்பது மின்திறனில் பத்து மடங்கு வேறுபாடு என்பதை நினைவில் கொண்டால் இதன் சிறப்பு விளங்கும்.

இறுதிக் காலம்

லான்சிங்கின் பொருட்கள் சிறந்திருந்த அளவுக்கு அவரது வணிகம் சிறக்கவில்லை. டெக்கரைப் போன்ற ஒருவர் இம்முறை அருகில் இல்லை. மார்க்வார்ட் என்னும் வானூர்தி நிறுவனம் சில காலம் முதலீடு செய்து உதவியது. அதன் பொருளாளராக இருந்த வில்லியம் தாமஸ், லான்சிங்கின் நிறுவன நிர்வாகத்திலும் பங்கேற்றார். 1949 இல் மார்க்வார்ட் நிறுவனம் கைமாறியதும் அந்த ஆதரவு நின்றது. மூலப்பொருட்களுக்குரிய பணத்தைச் செலுத்தவும் தயாரித்தவற்றை உரிய காலத்தில் அனுப்பவும் லான்சிங் திணறினார். கடன் சுமையும் மனச்சோர்வும் மிகுந்த நிலையில், 1949 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சான் மார்கோசில் இவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது இவருக்கு வயது 47.

நிறுவனத்தைப் பயனாளியாகக் குறிப்பிட்டு இவர் 10,000 டாலருக்கு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். அந்தத் தொகையைக் கொண்டே தாமஸ் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் லான்சிங்கின் மனைவியிடமிருந்த பங்கையும் வாங்கி முழு உரிமையாளரானார்.

மறைவுக்குப் பின்

தாமசின் நிர்வாகத்தில் நிறுவனம் வளர்ந்தது. டி130 இன் அடிப்படையில், தாழ்தொனிக்கு மட்டுமான 130ஏ என்னும் வூஃபர் வெளியானது. கிதார் மிகைப்பிகளுக்காக லியோ ஃபெண்டரின் நிறுவனம் டி130 ஐப் பயன்படுத்தியது. அதற்கெனத் தனி வடிவமும் உருவானது. 1954 இல் ஹார்ட்ஸ்ஃபீல்டு, 1957 இல் பாரகான் ஆகிய பெரிய வீட்டு ஒலிபெருக்கிகள் வெளிவந்தன. 1969 இல் சிட்னி ஹார்மனின் நிறுவனம் ஜேபிஎல்லை வாங்கியது. 2017 இல் ஹார்மன் குழுமத்தை சாம்சங் வாங்கியது.

1970 இல் வெளியான எல்100 என்னும் மும்மை வழி ஒலிபெருக்கி பெரும் புகழ் பெற்றது. இதன் 12 அங்குல வூஃபருக்கு முன்னால் கிராசோவர் எனப்படும் பகுப்புச் சுற்றின் மின்தூண்டி எதுவும் இல்லை. வூஃபரின் ஒலி மேல் அதிர்வெண்களில் இயல்பாகவே குறையுமாறு வடிவமைக்கப்பட்டிருந்ததால் அது நேரடியாக மிகைப்பியுடன் இணைக்கப்பட்டது.

வூஃபர் தெரிவும் லான்சிங்கின் வடிவமைப்பும்

மிகைப்பி ஒன்றே இருந்து, மின்தூண்டி, மின்தேக்கி, மின்தடை ஆகியவற்றால் மட்டும் ஒலி மூன்றாகப் பிரிக்கப்படும் அமைப்பு மும்மை வழி முனைப்பற்ற ஒலிபெருக்கி எனப்படுகிறது. இதில் நடுத்தொனி, உயர்தொனி ஒலிபெருக்கிகளின் ஒலியளவை மின்தடைகளால் குறைக்கலாம். வூஃபரின் ஒலியளவை உயர்த்த வழியில்லை. ஆகவே முழு அமைப்பின் உணர்திறனையும் வூஃபரே முடிவு செய்கிறது.

அவ்வாறாயின் டி130 போன்ற உணர்திறன் மிக்க வூஃபரே எப்போதும் சிறந்ததா என்றால், இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961 இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகள் இதற்குரிய கணக்கைத் தெளிவாக்கின. பெட்டியின் கொள்ளளவு, எட்டக்கூடிய தாழ் அதிர்வெண், திறன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பெட்டியின் அளவை மாற்றாமல் தாழ் அதிர்வெண் எல்லையைப் பாதியாகக் குறைத்தால் திறன் எட்டில் ஒரு பங்காகும். வலிய காந்தமும் எடை குறைந்த கூம்பும் கொண்ட டி130 ஐச் சிறு மூடிய பெட்டியில் பொருத்தினால் அதன் தாழ்தொனி மெலிந்துவிடும். அதற்குப் பெரிய பெட்டியோ ஹார்னோ தேவை. இதற்கு நேர்மாறாக, 1954 இல் எட்கர் வில்ச்சர் உணர்திறனை விட்டுக்கொடுத்து, சிறிய மூடிய பெட்டியில் ஆழ்ந்த தாழ்தொனியைப் பெற்றார்.

மூடிய பெட்டிக்கு உரிய கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒத்ததிர்வு 28 ஹெர்ட்ஸ், மொத்தத் தணிப்பு எண் 0.4, சமானக் காற்றுக் கொள்ளளவு 100 லிட்டர் எனத் தரவுத்தாளில் குறிக்கப்பட்ட வூஃபரை 50 லிட்டர் பெட்டியில் வைப்பதாகக் கொள்வோம். 100 ஐ 50 ஆல் வகுத்து, 1 ஐக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் 1.73 கிடைக்கும். பெட்டியில் தணிப்பு எண் 0.69 ஆகவும் ஒத்ததிர்வு ஏறத்தாழ 48 ஹெர்ட்சாகவும் உயரும். தணிப்பு எண் 0.7 ஐ ஒட்டி அமைவது சீரான தாழ்தொனிக்கு ஏற்றது.

பகுப்புச் சுற்றையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். 8 ஓம் வூஃபரை 300 ஹெர்ட்சில் பிரிக்க எளிய முதல்நிலைச் சுற்றுக்கே சுமார் 4.2 மில்லிஹென்றி மின்தூண்டி தேவை. அத்தகைய பெரிய சுருளின் மின்தடை 0.6 ஓமாகவும், வூஃபர் சுருளின் மின்தடை 6 ஓமாகவும் இருந்தால், வூஃபரின் மின்தணிப்பு எண் 10 விழுக்காடு உயர்ந்துவிடும். ஆகவே முதலில் பெட்டியின் அளவையும் மிகைப்பியின் திறனையும் முடிவு செய்து, பின்னர் அவற்றிற்கேற்ற வூஃபரைத் தேடுவதே முறையாகும்.

தீல், ஸ்மால் ஆகியோரின் கணக்குகள் வெளிவருவதற்கு முன்பே, காந்தம், சுருள், கூம்பு ஆகிய மூன்றின் அளவுகளையும் தமது கால மிகைப்பிகளுக்கும் அரங்குகளுக்கும் பொருந்துமாறு சோதனைகள் வழியாகக் கண்டடைந்தவர் லான்சிங். 4 அங்குல ஒலிச்சுருளும் விளிம்பில் நின்று சுற்றப்படும் தட்டைக் கம்பியும் அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தொழில்முறை வூஃபர்களில் பயன்பட்டு வருகின்றன.