யந்திரத்தின் நாடி பார்த்தவர்: ஜி. டி. நாயுடு

வேலூரினின்று மேற்கே பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களின் வழியே செல்லும் பெருஞ்சாலையை அறியாதார் நம் கல்லூரியில் இலர். பதனிட்ட தோலும் காலணிகளும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் அதன்மீது ஓடுகின்றன. அச்சாலையோரத்துப் பட்டறைகளை லாரிக்காரரேயன்றி, விரைவான கார்களில் மோகங்கொண்ட இளைஞரும் இந்நாளில் நாடி வருகின்றனர். எந்த ஆயில் ஊற்றினால் வண்டி இன்னும் விரைந்தோடும், எந்தப் பில்டரை மாட்டினால் முழக்கம் மிகும் என்பனவே அவர்தம் வினாக்கள். இவ்வினாக்களை எழுப்புவோர் ஒருவருடைய வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். அவர் நம் வட ஆர்க்காட்டுச் சீமையில் பிறந்தவரல்லர், கொங்கு நாட்டார். ஆயினும் எஞ்சினைத் தொட்டு வேலை செய்யும் தமிழர் யாவர்க்கும் அவர் உறவினரே.

அவர்தம் முழுப்பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது. 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள், கோயமுத்தூருக்கு அணித்தாயுள்ள கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவர் மனத்தைக் கவரவில்லை. தொடக்க வகுப்புக்களோடே படிப்பை விடுத்தார். பள்ளியை வெறுத்தாரேனும் அறிவை வெறுத்தாரல்லர் என்பதை அவருடைய பிற்கால வாழ்வு காட்டும்.

இளமையில் அவர் ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையுமின்றித் தானே ஓடும் அவ்வண்டியினிடத்தே அவர் உள்ளம் தங்கிவிட்டது. அதனை வாங்கப் பொருள் வேண்டுமே! கோயமுத்தூருக்குச் சென்று, ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு 300 ரூபாய்க்கு அவ்வண்டியையே அவ்வதிகாரியிடமிருந்து வாங்கினார். வாங்கியதும் ஏறி ஊரைச் சுற்றினாரோ எனின், அவர் கருத்து அதுவன்று. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் என்ன தொழில் செய்கின்றது என்று கண்டு, மீண்டும் பூட்டினார். யந்திரக் கல்வியில் இதுவே அவர் கற்ற முதற் பாடம்; ஆசிரியரும் அவரே, மாணாக்கரும் அவரே.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவோம். இன்றைய எஞ்சினில் ஆயிலானது அடித்தொட்டியினின்று பம்பினால் மேலேற்றப்பட்டு, வடிகட்டியின் வழியே சென்று, உறுப்புக்களை நனைத்து, மீண்டும் தொட்டிக்கே வருகின்றது. அந்நாளிலோ பெரும்பாலும் ஓட்டுகின்றவரே கைப்பம்பை அழுத்தி வேளைக்கு வேளை எண்ணெய் செலுத்துதல் வேண்டும். சென்ற எண்ணெய் எரிந்தும் ஒழுகியும் கழியும். அளவு குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். அளவு மிகுந்தால் நீலப்புகை எழும், பிளக்கில் கரி படியும், எஞ்சின் நின்றுபோம். சாலை மேடா பள்ளமா, வெயில் எத்தகையது, எஞ்சினின் ஓசை மாறிற்றா என்று எந்நேரமும் கருத்தூன்றி ஓட்டினாலன்றி ஊர்போய்ச் சேர்தல் அரிது. மருத்துவர் நாடி பார்ப்பது போல யந்திரத்தின் நாடி பார்க்கும் பழக்கம் அந்நாளைய ஓட்டுநர்க்கு இவ்வாறே வாய்த்தது.

நம் பகுதித் தொழிலுக்கும் இதிலே ஒரு பங்குண்டு. தொடக்க கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டு செலுத்தியது தோற்பட்டையே. கார்களின் கிளட்சிலும் கூம்பு வடிவான உறுப்பின்மேல் தோல் போர்த்தியிருந்தனர். அத்தோல் உலர்ந்துவிட்டால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். எஞ்சின் எண்ணெய் அதன்மேற் பட்டாலோ வழுக்கும். தோலுக்கேற்ற எண்ணெய் வேறு, இரும்புக்கேற்ற எண்ணெய் வேறு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலுக்கு எண்ணெயிடும்பொழுது, குறைந்தால் தோல் வெடிக்கும், மிகுந்தால் பிசுபிசுக்கும் என்பதை ஆம்பூர்ப் பக்கத்து மாணவர் நன்கறிவர். எஞ்சினுக்கு ஆயில் தேர்தலும் இவ்வாறு பதமறியும் வேலையே.

நிற்க. நாயுடு பின்னர்ப் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று வாணிபத்தில் அதனை இழந்தார். இழந்தபின் சோர்ந்திருந்தாரல்லர். கோயமுத்தூர்த் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை செய்த பொருளுதவியைக் கொண்டு ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கி, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். முதலாளியாகிய அவரே ஓட்டுநராகவும் அமர்ந்தார்.

மண்சாலையில் பஸ் ஓட்டுவது எளிதன்று. காற்றோடு கார்ப்பரேட்டரின் வழியே உட்புகும் புழுதி, எண்ணெயோடு கலந்து அரைசாந்து போலாகிச் சிலிண்டரையும் ரிங்குகளையும் தேய்க்கும். எண்ணெயை வடிகட்டும் ஆயில் பில்டர் 1923ஆம் ஆண்டளவில்தான் அமெரிக்காவில் தோன்றியது. அது எங்கும் பரவும்வரை, பழைய எண்ணெயை அடிக்கடி வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதன்றி வேறு வழியில்லை. எண்ணெயில் காசை மிச்சம் பிடிப்பவன் எஞ்சினையே விலையாகக் கொடுப்பான். இவற்றோடு பிளக்கின் இடைவெளி, டாப்பெட்டின் இடைவெளி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு, தீப்பொறி எழும் தருணம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தல் வேண்டும். இப்பொருத்தத்தையே மெக்கானிக்குகள் ட்யூனிங் என்பர். தந்தி ஒன்று தளர்ந்தாலும் வீணையின் சுருதி கெடுவதுபோல, இந்நான்கில் ஒன்று தவறினும் எஞ்சினின் சுருதி கெடும்.

நாயுடுவின் ஒரு பஸ் சில ஆண்டுகளில் பலவாகப் பெருகி, யு. எம். எஸ். என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனமாயிற்று. குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேர்தலே அதன் பெரும்புகழ். பிரயாணிகள் இதனை ஓட்டுநரின் சாமர்த்தியம் என்று எண்ணியிருத்தல் கூடும். உண்மையில் காலந்தவறாமை என்பது சாலையிற் பிறப்பதன்று. முந்தின இரவே பட்டறையிற் பிறப்பது. பழுதான பின் பார்ப்பவனுக்கு நேரம் என்றும் வசப்படாது. பழுதாகுமுன் பார்ப்பவனுக்கே அது வசப்படும்.

அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை சென்று தொழிற்சாலைகளைக் கண்டார். மின்சார முகச்சவரக் கருவி ஒன்றை அமைத்தார். 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, கோயமுத்தூர் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்து வெளியிட்டார். கிணற்று நீரை இறைத்துக் கொங்கு நாட்டு வயல்களிற் பாய்ச்சிய மோட்டார்த் தொழிலின் தொடக்கம் அதுவே.

கல்லூரியிற் பயில்வோராகிய நாம் கருதத்தக்க செய்தி இனித்தான் வருகின்றது. பள்ளியை விடுத்த நாயுடு, 1945ஆம் ஆண்டில் தம் பொருளையும் உழைப்பையும் நல்கிக் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் என்னும் கவர்னரின் பெயரால் தொழிற்கல்லூரி தோன்றக் காரணரானார். அதன் தலைவராகவும் அமர்ந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வேண்டா, பட்டறையிலே கைதோய்ந்து பயின்றால் இரண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கத்தார் அதற்கு இசையவில்லை. அவரும் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அது தொடங்கிய இடத்தை இன்றும் கோவை மக்கள் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர். அவர் கொள்கை முற்றும் சரியென்று நாம் வாதிடவில்லை. பாலமும் அணையும் கட்டுவோர்க்குக் கணிதமும் பொறுமையும் நெடுங்காலம் வேண்டும். ஆயினும் எஞ்சினின் வெப்பச் சுழற்சியைப் படமெழுதி மதிப்பெண் பெற்ற நம்முள், அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் எத்துணைபேர் என்று எண்ணுங்கால் நாணமே உண்டாகின்றது.

1952ஆம் ஆண்டில் இருவர் அமரத்தக்க சிறு பெட்ரோல் காரொன்றை அவர் செய்து முடித்தார். அதன் விலை 2000 ரூபாயே என்றார். எளிய குடும்பத்தாரும் கார் வைத்திருக்கலாம் என்னும் காலம் அதனால் நெருங்கியது போலத் தோன்றிற்று. ஆனால் அதனைப் பெருவாரியாகச் செய்தற்கு வேண்டிய உரிமத்தை அரசாங்கத்தார் வழங்கவில்லை, அம்முயற்சி நின்றுபோயிற்று. யந்திரத்தின் எப்பழுதையும் பிரித்துப் பார்த்துத் தீர்க்கவல்ல அவர், கோப்புக்களுக்குள் இருந்த இப்பழுதைத் தீர்க்கமாட்டாதவரானார். அவர் வாழ்விற் பெருங்குறை இதுவே என்று கருதுகின்றோம். அக்குறை அவருடையது மட்டுமன்று, நம் நாட்டினதுமாகும்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு அவர்கள் காலமானார். கோயமுத்தூர் அவிநாசி சாலையில் அவர் நினைவைப் போற்றும் காட்சிச்சாலை உள்ளது. அவ்வழிச் செல்லும் மாணவர் ஒருமுறை கண்டுவருதல் நலம்.

இனித் தொடக்கத்தே கூறிய இளைஞரின் வினாக்களுக்கு வருவோம். ஆயில் டப்பாவின்மேல் 20டபிள்யூ-50 என்பதுபோல் எழுதியிருப்பதன் பொருள் யாது? முதலெண் குளிர்ந்த நிலையில் அவ்வெண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்னெண் சூடேறிய நிலையில் அதன் தடிப்பு எவ்வளவு நிற்கும் என்பதையும் குறிக்கும். எண் பெரிதானால் விரைவும் பெரிதாகும் என்பது மயக்கம். எஞ்சினுள் உறுப்புக்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அறிந்தவர் அதனைச் செய்தோரே. ஆகலின் அவர் கைப்புத்தகத்திற் குறித்த தரத்தையே முதற்கண் கொள்ளுதல் வேண்டும். காற்றைத் தடையின்றி விடும் ஏர் பில்டர் சிறிது ஆற்றலைக் கூட்டலாம். ஆனால் காற்றோடு புழுதியையும் மிகுதியாக விடுமாயின், இன்று பெற்ற விரைவுக்கு நாளை ரிங்குகளும் சிலிண்டரும் விலையாகும். மண்லாரிகள் ஓடும் நம் பக்கத்துச் சாலைகளில் இதனை மறத்தலாகாது. இன்றைய எஞ்சின்களில் தீப்பொறியின் தருணத்தைச் சிறு கணிப்பொறி காக்கின்றது. அதனை மாற்றி எழுதி விரைவு பெற விரும்புவோர், மாற்றுமுன் அது எதனைக் காத்துக்கொண்டிருந்தது என்று அறிதல் கடன்.

அறியாது ஒன்றை மாட்டுதல் வேறு, பிரித்தறிந்து ஒன்றைத் தேர்தல் வேறு. ஓட்டலிற் பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கிய வண்டியை, ஏறி மகிழுமுன் பிரித்துப் பார்த்தார் ஓர் இளைஞர். அந்த ஒரு செயலினின்று ஒரு நகரத்தின் தொழிலே கிளைத்தது. ஆம்பூரிலும் வேலூரிலும் பட்டறைகளின் கரிபடிந்த தரைமீது அமர்ந்து எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருக்கும் சிறுவர் பலர் உளர். அவர்களைக் கடந்து செல்லும்பொழுது புத்தகப் பையைச் சற்றே இறக்கிவைத்து, அருகமர்ந்து கேட்டறிதல் நமக்கு இழுக்கன்று. நாயுடு அவர்களின் நினைவுக்கு நாம் செய்யும் நன்றியும் அதுவே ஆகும்.