பேராமைகளின் தீவில் டார்வின்

1835ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள். பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்த கலாபகோஸ் தீவுக்கூட்டத்துள் ஒன்றான சாத்தம் தீவின் எரிமலைப் பாறைகளினூடே இளைஞர் ஒருவர் நடந்து சென்றார். வழியில் இரு பேராமைகள் எதிர்ப்பட்டன. கள்ளியைத் தின்றுகொண்டிருந்த ஒன்று அமைதியாக விலகிச் சென்றது. மற்றொன்று உரக்கச் சீறித் தலையை உள்ளிழுத்துக்கொண்டது. அதன் ஓட்டின் சுற்றளவு ஏறத்தாழ ஏழு அடி. தூக்கிப் பார்த்தார், தரையிலிருந்து எழுப்புவதே அரிதாயிற்று. அவர்தாம் சார்லஸ் டார்வின். அப்போது அவருக்கு அகவை 26.

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் 1809இல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த டார்வின், எடின்பரோவில் தொடங்கிய மருத்துவக் கல்வியைப் பாதியில் விட்டவர். சமயப் பணிக்கென்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டபோதும் அவர் மனம் வண்டு பிடிப்பதிலேயே திளைத்தது. 1831இன் இறுதியில் பீகிள் என்னும் கப்பலில் ஏறினார். நான்கு ஆண்டுகள் கழித்தே இத்தீவுகளைக் கண்டார்.

சார்லஸ் தீவில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த லாசன் என்பவர் வியப்பான செய்தி ஒன்றைக் கூறினார். ஆமையைப் பார்த்த அளவிலேயே அஃது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று தம்மால் சொல்ல இயலும் என்றார். டார்வின் அதனைக் கேட்டார், பொருட்படுத்தவில்லை. பேராமைகளைக் கடலோடிகள் வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து விட்டிருப்பர் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அடுத்து, ஜேம்ஸ் தீவில் ஒன்பது நாள்கள் தங்கினார். மலைமேலுள்ள சுனைகளை நோக்கிக் கடற்கரையிலிருந்து அகன்ற தடங்கள் சென்றன. அவை தலைமுறை தலைமுறையாக ஆமைகள் நடந்து உண்டாக்கியவை. அருகில் நிற்பவரைச் சற்றும் கருதாமல் ஆமைகள் கண்வரை நீருள் தலையை அமிழ்த்திப் பருகின. டார்வின் ஓர் ஆமையின் நடையை அளந்தார். 10 நிமிடத்தில் 60 கஜம் கடந்தது. முதுகில் ஏறியும் பார்த்தார். ஓட்டின் பின்புறம் தட்டினால் அஃது எழுந்து நடக்கும்; அமர்ந்திருப்பதுதான் கடினமாயிருந்தது. இத்தனை ஆர்வத்தோடு நோக்கிய அவர், அந்நாள்களில் ஆமை இறைச்சியையே உணவாகவும் கொண்டார்.

இது வியப்பன்று. உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர்வாழும் பேராமை, கடலோடிகளுக்கு நடமாடும் உணவுக்கிடங்கு. ஒரே கப்பல் 700 ஆமைகள் வரை அள்ளிச் சென்றதுண்டு. பீகிள் கப்பலிலும் ஏறத்தாழ 30 ஆமைகள் ஏற்றப்பட்டன. வழிநெடுக அவை உண்ணப்பட்டன. ஓடுகள் கடலில் எறியப்பட்டன. லாசன் சொன்னதை மெய்ப்பிக்கக்கூடிய சான்றுகள் அலையோடு போயின.

ஊர் திரும்பும் வழியில்தான் அச்சொற்கள் டார்வினை உறுத்தத் தொடங்கின. தீவுக்குத் தீவு ஆமை வேறுபடுகிறதென்றால், உயிரினங்கள் மாறாதவை என்ற கொள்கை எவ்வாறு நிலைக்கும்? தேடிப் பார்க்கையில் கையிலிருந்தவை ஒருசில குட்டிகளே. வேறு உயிரினங்களிலும் இரு தீவுகளின் சேகரிப்புகளைத் தாம் கலந்துவிட்ட பிழையைப் பயண நூலில் அவர் மறைக்காது எழுதினார். அவ்வினாவே வளர்ந்து 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூலாயிற்று. அதற்குள்ளாகவே, லாசன் ஆட்சிபுரிந்த தீவின் ஆமையினம் அங்கு அற்றுப்போயிருந்தது.

1874இல், இந்தியப் பெருங்கடலிலுள்ள அல்டாப்ரா தீவில் மரம் வெட்டக் குத்தகை விடும் முயற்சி எழுந்தது. அங்கும் பேராமைகள் வாழ்ந்தன. அவற்றைக் காக்குமாறு மொரீசியசு ஆளுநருக்கு அறிவியலறிஞர் சிலர் விண்ணப்பம் விடுத்தனர். ஒப்பமிட்டோருள் 65 அகவையினரான டார்வினும் ஒருவர். எட்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். அல்டாப்ராவில் இன்று ஏறத்தாழ ஓர் இலட்சம் பேராமைகள் மேய்கின்றன.